பெரிய பாதி

ரம்பம் சிக்கவே இல்லை. தபால்காரனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். வலது கை, கழுத்திலிருந்து தொங்கிய துணிக்கட்டுக்குள் கிடந்தது. மடியில் காய்ந்த அவரை நெற்று நிறைந்த கூடை. இடது கையால் ஒரு நெற்றை எடுத்துத் தொடையில் வைத்து அழுத்தி, கட்டைவிரலால் பிளந்து, விதைகளைக் கிண்ணத்தில் உதிர்க்க வேண்டும். பாதி விதை கிண்ணத்துக்குப் போனது, பாதி நாற்காலிக்கு அடியில் உருண்டது. குனிந்து பொறுக்க அவனுக்கு மனம் இல்லை. காது முழுக்கக் கொல்லைப்புறத்தில் இருந்தது. அங்கே ரம்பத்தின் ஒரு பிடியை அவன் மனைவியும், மறு பிடியைப் பக்கத்துத் தோட்டத்துத் தேன்பெட்டிக்காரரும் பிடித்துக் குளிர்காலத்துக்கான விறகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ஸ்ரா, ஸ்ஸ்ரா என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. ஒரு துண்டு பொத்தென்று விழும். கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது. மறுபடியும் ஸ்ஸ்ரா. நடுவில் ஒரு முட்டல் இல்லை, ஒரு திணறல் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். மரங்கள் பாதி இலையைக் கொட்டிவிட்டன. காலையில் வாளித் தண்ணீரில் கை வைத்தால் சுரீர் என்கிறது. வெங்காயத்தைப் பின்னிக் கட்டித் தொங்கவிட்டாயிற்று, பூசணிக்காய் பரணுக்கு ஏறியாயிற்று, விறகு மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் இந்த மகானுபாவன் கூரை விளிம்பில் அடைத்திருந்த சருகை வாரப்போகிறேன் என்று ஏணியில் ஏறி, மேல் படியிலிருந்து வாளியோடு கீழே வந்து சேர்ந்தான். வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. தோள் எலும்பு விலகிவிட்டது. தபால் கொடுக்கப் போக முடியாது, ஆட்டுக்குத் தழை வெட்ட முடியாது, சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டும். பக்கத்து மனிதர் தானாக வந்து, "நான் இழுத்துத் தரேன் தங்கச்சி, நீ எனக்குப் பெட்டிக்கெல்லாம் வைக்கோல் கட்டிக் கொடுத்துடு" என்று சொன்னால் கும்பிட்டு வரவேற்க வேண்டாமா? வரவேற்கத்தான் செய்தான். பல்லைக் காட்டிச் சிரித்து, "ரொம்ப உபகாரம்" என்றும் சொன்னான். வயிற்றெரிச்சல் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

அந்த ரம்பம் அவளுடையது. அவள் மரவாடிக்காரர் மகள். மரத்தூள் மணத்திலேயே வளர்ந்தவள். கல்யாணமாகி வரும்போது அப்பா கொடுத்த சாமான்களில் அவள் தன் கையால் தூக்கி வந்தது அது ஒன்றைத்தான். ஆள் நீளத்துக்கு, இரண்டு பக்கமும் பிடி வைத்த ரம்பம். அதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேரும் இழுக்க மட்டும்தான் வேண்டும். உன் முறை வந்தால் இழு, அவர் முறை வந்தால் சும்மா விடு. பிடியில் கை இருக்கலாம், பலம் இருக்கக் கூடாது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று தள்ளினால் தகடு வளைந்து மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

தபால்காரனோ வாழ்நாள் முழுக்க மேட்டுப்பாதையில் பை நிறைந்த சைக்கிளைத் தள்ளியே பழகியவன். சும்மா விடுவது என்றால் என்னவென்றே அவன் கைக்குத் தெரியாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவன் தள்ளுவான், ரம்பம் சிக்கும், அவள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து, "தள்ளாதீங்க! எத்தனை தடவை சொல்றது, தள்ளாதீங்க!" என்பாள். அவன், "நான் எங்க தள்ளினேன், நீதான் விடலை" என்பான். ஆப்பு அடித்து ரம்பத்தை வெளியே எடுப்பார்கள். மறுபடி ஆரம்பிப்பார்கள். அடுத்தவர் விறகெல்லாம் அடுக்கி முடிந்து தார்ப்பாய் போட்டிருக்கும்போதும் இவர்கள் வீட்டில் இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்.

ஆனால் சாயங்காலம் ஒரு சமாச்சாரம் உண்டு. கூட்டிக் குவித்த சருகுக்கு நெருப்பு வைத்து, அந்தச் சாம்பலுக்குள் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைத்திருப்பாள். ஒன்றே ஒன்று. இருட்டுவதற்கு முன் அறுக்காத கடைசிக் கட்டையின் மேல் இருவரும் உட்கார்ந்துகொள்வார்கள். அவள் கிழங்கை எடுத்து, கைக்குக் கை மாற்றி ஊதி, இரண்டாக உடைப்பாள். என்னதான் முயன்றாலும் கிழங்கு சரிபாதியாக உடையாது. அன்றைக்கு யார் அதிகம் திட்டு வாங்கினார்களோ அவர்களுக்குப் பெரிய பாதி. கல்யாணமான முதல் வருஷம் அவளாக வைத்த சட்டம் அது. இத்தனை வருஷத்தில் பெரிய பாதியை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கொல்லையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள்தான். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும் சிரிப்பு. வீட்டுக்குள் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தான். நெற்று அவன் விரலுக்குள் படீரென்று வெடித்து, விதையெல்லாம் தரையில் சிதறியது.

தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவனுக்கு அந்த மாதிரிச் சந்தேகம் எதுவும் இல்லை. தேன்பெட்டிக்காரர் தங்கமான மனிதர். மனைவியைப் பறிகொடுத்த பிறகு ஊரில் யாரிடமும் அதிகம் பேசாதவர். அவளை வாய் நிறையத் தங்கச்சி என்பார், அவள் அண்ணே என்பாள், அந்தக் கணக்கில் தபால்காரன் அவருக்கு மாப்பிள்ளை. சந்தேகமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போடுவதற்கு ஒரு வார்த்தையாவது கிடைத்திருக்கும். 'உங்கள் ரம்பம் சிக்கவில்லையே' என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆனாலும் எரிந்தது. தன்னோடு இத்தனை வருஷம் முட்டி மோதிய ரம்பம், இன்னொருவர் கை பட்டதும் முதல் நாளே இப்படிக் குழைந்து போகிறதென்றால், இத்தனை வருஷமும் அவள் தன்னோடு பட்ட பாடு என்ன? அவளுக்கு இப்போதுதானே அது தெரிய வந்திருக்கும்? அந்த நினைப்புதான் அவனை உட்காரவிடவில்லை.

வெயில் சரிந்ததும் ரம்பம் நின்றது. அவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். சருகுச் சாம்பலைக் குச்சியால் கிளறி அவள் கிழங்கை எடுத்தாள். கட்டையின் மேல் தேன்பெட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவன் இடம் அது. அவள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று உடைத்தாள். எந்தப் பாதியைக் கொடுத்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, எம்பி, ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தும் தெரியவில்லை.

சாப்பிடும்போது கேட்டேவிட்டான்.

"அவருக்கு எந்தப் பாதி?"

"எந்தப் பாதின்னா?"

"கிழங்குல. பெரிசா, சின்னதா?"

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "அவரை எதுக்குத் திட்டப்போறேன்? அழகா இழுக்கறாரு. சின்னதுதான்."

சின்னது என்றதில் வந்த நிம்மதியை 'அழகா' என்ற ஒரு வார்த்தை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இடது கையால் அதுவும் சரியாக வரவில்லை.

"அப்புறம் என்ன சிரிப்பு?"

"எப்ப?"

"மத்தியானம். ஊரே கேட்டுச்சு."

"ஏதோ சொன்னாரு. மறந்துபோச்சு." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். பிறகு, "கால்ல ஏதோ குத்துது, என்னன்னு பார்த்தா அவரை விதை. வீடு பூரா விதைச்சு வெச்சிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். அது திட்டுக்கூட இல்லை, சும்மா ஒரு தகவல்.

மறுநாள் காலை அவள் வைக்கோல் கட்டப் போய்விட்டாள். தேன்பெட்டிகளுக்குக் குளிர் தாக்காமல் சுற்றிலும் வைக்கோல் கட்ட வேண்டுமாம். வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய நீல முண்டாசு பெட்டிக்குப் பெட்டி குனிந்து நிமிர்வதை வாசலில் நின்று பார்த்தான். அங்கேயும் இரண்டு பேர் வேலைதான். ஒருவர் வைக்கோலைப் பிடிக்க, ஒருவர் கயிற்றைச் சுற்ற. அவர்கள் பேசிக்கொள்வதாகக்கூடத் தெரியவில்லை, வேலை பாட்டுக்கு நடந்தது. பேசாமலே நடக்கிறதே என்று அதற்கும் எரிந்தது.

வீட்டுக்குள் வந்தவன் கால் தானாகச் சாமான் கொட்டகைக்குப் போயிற்று. ரம்பம் சுவரில் மாட்டியிருந்தது. பக்கத்துப் பலகையில் அரமும், பல் வளைக்கும் குறடும். ரம்பத்தின் பற்கள் ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு ஒரு பக்கம் கூடினால் போதும், ரம்பம் நேராகப் போகாது, கோணிக்கொண்டு மரத்துக்குள் முட்டும். இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ரம்பத்தை இறக்கி முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான். இடது கையால் குறட்டைப் பிடித்தான். முதல் பல் லேசில் வளையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நெரித்தான். வளைந்தது. அப்புறம் அடுத்தது. தோள் விண்ணென்று வலித்தது, நெற்றியில் வேர்த்தது. இவ்வளவு அக்கறையாக அவன் எந்த வேலையும் செய்து நாளாகியிருந்தது. முடித்து மாட்டிவிட்டு வந்து, நல்ல பிள்ளையாக அவரை நெற்றை மடியில் வைத்துக்கொண்டான்.

மத்தியானம் தேன்பெட்டிக்காரர் வந்தார். ரம்பம் ஸ்ஸ்ரா என்று ஆரம்பித்தது. இரண்டாவது இழுப்பில் கரகரத்தது. நாலைந்து இழுப்புக்குள் க்ரக் என்று நின்றது. தபால்காரன் நெற்றை உரிப்பதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டான். ஆப்பு அடிக்கும் சத்தம். திரும்ப ஆரம்பித்தார்கள். மறுபடி க்ரக். அவனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஒரு நெற்றை எடுத்து, ஒரு விதைகூடச் சிந்தாமல் கிண்ணத்தில் உதிர்த்தான்.

மூன்றாவது தடவை சிக்கியபோது அவள் குரல் கேட்டது.

"தள்ளாதீங்க!"

அவன் விரல் அப்படியே நின்றது.

"எத்தனை தடவை சொல்றது அண்ணே, தள்ளாதீங்க!"

அதே வார்த்தை. அதே ராகம். கடைசி எழுத்தில் குரல் கொஞ்சம் உடைந்து மேலே போகும் அந்த இடம்கூட அதேதான். கண்ணை மூடிக்கொண்டால் அவள் இடுப்பில் கை வைத்து நிற்பது தெரிந்தது. அது அவனுடைய திட்டு. மண்ணிலும் மழையிலும் தோள் கழன்றுபோக நின்று வருஷா வருஷம் அவன் சம்பாதித்தது. அதை அவனே எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்திருக்கிறான். சிரிப்பு போனால் போகட்டும், ரம்பம் சிக்காமல் போனால் போகட்டும். இன்றைக்குச் சாயங்காலம் பெரிய பாதி யாருக்கு?

நேற்று எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்போதுதான் அடிவயிறு நிஜமாகவே பற்றிக்கொண்டது.

"நான் தள்ளலியே தங்கச்சி" என்று தேன்பெட்டிக்காரர் மெதுவாகச் சொல்வது கேட்டது. பாவம், அவர் தள்ளவில்லைதான். இன்னும் இரண்டு முறை முயன்றார்கள். பிறகு சத்தம் அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அவர் வந்து நின்றார். சட்டையெல்லாம் மரத்தூள். தபால்காரன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரம்பம் இன்னிக்கு வரமாட்டேங்குது மாப்ள. நான் கிளம்பறேன், பெட்டி வேலை கிடக்கு."

"இருந்து கிழங்கு சாப்டுட்டுப் போறது" என்றான் தபால்காரன்.

"வேணாம். நேத்து தின்னதே நெஞ்சுல நிக்குது." அவர் ஜன்னல் கட்டையில் கையை வைத்து, நகக்கண்ணில் இருந்த தூளைத் தட்டினார். "எங்க வீட்லயும் நான் தள்ளிக்கிட்டேதான் இருப்பேன் மாப்ள. அவ என்னைத் திட்டாத திட்டு இல்ல. சும்மா விடறது எப்படின்னு எனக்குக் கை வந்ததே அவ செத்துப்போன வருஷம்தான். ரெண்டு கட்டை அறுத்தோம், சிக்கவே இல்ல. அவகூடக் கேட்டா, என்னய்யா, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்னு. அதைத்தான் நேத்து தங்கச்சிகிட்டச் சொன்னேன், அவ சிரிச்சா." அவரும் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. "இன்னிக்கு உன் பெண்டாட்டி கத்தினதும் ஒரு நிமிஷம் எனக்கு எங்க இருக்கோம்னே தெரியலை. சரி, வரேன்."

தலையைக் குனிந்துகொண்டு வேலியைத் தாண்டிப் போனார். தபால்காரனுக்கு வெட்கமாக இருந்தது. பரிதாபமாகவும் இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும், அந்தத் திட்டை அவர் வாங்கிக்கொண்டு போகிறாரே என்ற எரிச்சல் ஓர் ஓரத்தில் அணையாமல் இருந்தது. மனுஷ மனசு என்னும் கழுதையை என்ன செய்வது?

அவள் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, தகட்டை வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பல் வரிசையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். விரல் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். தபால்காரன் உரித்த நெற்றையே திரும்ப உரித்தான்.

"குறடு தடம் பட்டிருக்கு" என்றாள்.

"பழைய தடமா இருக்கும்."

"பழசு மங்கியிருக்கும். இது பளபளன்னு இருக்கு." இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தாள். "வலது கையால பிடிச்சு வளைச்சா தடம் இந்தப் பக்கம் சாயும். இது அந்தப் பக்கம் சாயுது. எங்கப்பா வலது கை. நான் வலது கை. தேன்பெட்டி அண்ணனும் வலது கை."

அவன் இடது கை, கூடைக்குள் நெற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. வரப்போகும் திட்டுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். உண்மையைச் சொன்னால், அதற்காக ஏங்கினான். ஆனால் அவள் திட்டவில்லை. அரத்தையும் குறட்டையும் எடுத்து வந்து, தகட்டை அவன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நுழைத்தாள்.

"இறுக்கிப் பிடிங்க."

பிடித்தான். அவள் ஒவ்வொரு பல்லாக நிமிர்த்திக்கொண்டு வந்தாள். தலை குனிந்திருந்ததில் முண்டாசுக்குள்ளிருந்து ஒரு வைக்கோல் துரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று அவன் கை யோசித்தது. எடுத்தான். அவள் நிமிராமல் வேலையைப் பார்த்தாள். கடைசிப் பல்லுக்கு வந்ததும் அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு எழுந்தாள்.

"இத்தனை பல்லை வளைக்கற அளவுக்கு இடது கையில பலம் இருக்கில்ல? எழுந்து வாங்க."

"எங்க?"

"கடைசிக் கட்டை இன்னும் நிக்குது."

"தோளு..."

"தோளை யாரு கேட்டா? இழுக்க மட்டும்தான் செய்யணும்."

கொல்லையில் சருகு நெருப்பு அடங்கி நீலமாகப் புகைந்துகொண்டிருந்தது. அவள் கட்டையைத் தாங்கியில் தூக்கி வைத்து, அவன் இடது கையை எடுத்துப் பிடியில் பொருத்தினாள். எதிரே போய் நின்றாள். அவள் இழுத்தாள். பிடி அவன் கையோடு அவள் பக்கம் போயிற்று. வழக்கம்போல் தள்ளத்தான் நினைத்தான். ஆனால் தள்ளுகிற கை கழுத்துக்கட்டுக்குள் கிடந்தது. இந்தக் கைக்குச் சைக்கிள் தெரியாது, மேட்டுப்பாதை தெரியாது, விட்டால் விட்ட இடத்தில் சும்மா இருந்தது. அவன் முறை வந்தபோது இழுத்தான். ஸ்ஸ்ரா. அவள் இழுத்தாள். ஸ்ஸ்ரா.

சிக்கவில்லை. நேற்றெல்லாம் ஜன்னலிலிருந்து கேட்டு வெந்துபோனானே, அதே சத்தம். மரத்தூள் அவன் செருப்பின் மேல் மெத்தென்று விழுந்தது. அவள் முகம் எதிரே வந்து வந்து போனது, கண்ணோரம் சுருங்கியிருந்தது. சிரிக்கிறாளா, புகை பட்டதா என்று தெரியவில்லை. இது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கு இத்தனை வருஷமும் தெரியாமல் போயிற்று. சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தின் அடியிலேயே, நேற்று முளைத்த இந்த இடது கையைப் பார்த்து ஒரு குத்தல். போன மாதம்வரை ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத கை இது. இதற்கு வந்த யோகத்தைப் பார்!

துண்டு பொத்தென்று விழுந்தது. மீதிக் கட்டையை அவள் தரையில் உருட்டிவிட்டாள். இருவரும் அதன் மேல் உட்கார்ந்தார்கள். அவள் குச்சியால் சாம்பலைக் கிளறிக் கிழங்கை எடுத்து, கைக்குக் கை மாற்றி ஊதினாள்.

"இன்னிக்கு நீங்க தள்ளவே இல்ல" என்றாள்.

"இல்ல."

"ஒரு தடவைகூடத் திட்டலை."

"இல்லதான்." அவன் தரையைப் பார்த்தான். "திட்டறதுக்கு வேற ஒண்ணு இருக்குல்ல?"

அவள் கிழங்கை உடைத்தாள். வழக்கம்போல் ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டிலிருந்தும் ஆவி பறந்தது. உள்ளங்கைகளில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு பெரியதைப் பார்த்தாள், சின்னதைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தேன்பெட்டிக்காரர் தனியாக வைக்கோலையும் பிடித்து, கயிற்றையும் பிடித்து, பல்லால் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"கையை நீட்டுங்க" என்றாள்.

இடது கை நீண்டது. அவனைக் கேட்காமல் வலது கையும் கட்டுக்குள் அசைந்து, வலித்து, பெரிய பாதி எனக்குத்தான் என்பதுபோல் துணிக்கு வெளியே இரண்டு விரலை மட்டும் நீட்டி நின்றது.